வியாகுலமேரியின் பாட்டுப் பூசை

கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயிலின் பீடத் துணிகளை வியாகுலமேரி முப்பத்தொரு ஆண்டுகள் துவைத்து இஸ்திரி போட்டாள். அந்த ஆண்டுகளில் நடந்த 412 அடக்கப் பூசைகளில் அவள் வராதவை மூன்றுதான். அடக்கப் பதிவேட்டை எழுதுபவன் நான், குறித்து வைத்திருக்கிறேன்.

"எனக்குப் பாட்டுப் பூசை வெக்கணும் சார். வெறும் ஜெபத்தோட குழிக்கு அனுப்பிடாதீங்க" என்றாள் ஒருநாள்.

"எனக்கு முந்திப் போகப் போறியா?"

"நீங்க போயிட்டா என் பேரை யாரு தப்பில்லாம எழுதுறது?"

மகன் சகாய ஆனந்த் சிதம்பரத்தில் படித்த நான்கு ஆண்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் மீன்குழம்புத் தூக்கோடு பஸ் ஏறுவாள். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பிறகு அவன் கனடாவில் டொராண்டோவுக்குப் போனான். சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறை வந்தான்.

2025 ஏப்ரல் 14, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துத் திங்கள், பகல் பதினொன்றரைக்கு அவள் மாரடைப்பில் இறந்தாள். மாலையில் ஆனந்த் போன் செய்தான்.

"நாளைக்கு மதியம் பன்னண்டுக்கு ஃப்ளைட் சார். லண்டன்ல மாறணும். மொத்தம் இருபத்துநாலு மணி நேரம்."

செவ்வாய் பன்னிரண்டோடு இருபத்துநான்கைக் கூட்டினேன். புதன் பகல் பன்னிரண்டுக்குச் சென்னை. காரில் ஐந்து மணிக்கு வீடு. ஐந்தரைக்குப் பாட்டுப் பூசை என்று பங்குச்சாமியாரிடம் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட முடியாது. மறுநாள் பெரிய வியாழன். அன்றும் அடுத்த இரண்டு நாளும் அடக்கப் பூசை கிடையாது, ஜெபம் மட்டுமே.

புதன் காலை பதினொன்றுக்கு அவளுடைய தம்பி மரியலூர்துவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஆனந்த்.

"லண்டன்ல ஏறப் போறேன் மாமா. ராத்திரி ஒம்பதரைக்கு சென்னைல எறங்கிடுவேன்."

அவன் சொன்ன பன்னிரண்டு அவன் ஊர்ப் பன்னிரண்டு. நம் கடிகாரத்தில் அது செவ்வாய் இரவு ஒன்பதரை. நான் அதை யோசிக்கவே இல்லை. திங்களன்றே யோசித்திருந்தால் முந்தின விமானத்தில் வரச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு நிமிஷம் பெசகாம எழுதுற ஆளாச்சே சார் நீங்க!" என்றார் மரியலூர்து.

"அஞ்சரைக்கே பூசை வெச்சு, வழக்கப்படி அப்படியே அடக்கமும் முடிச்சிடலாம். அவ கேட்டது அதுதான்."

"பெத்த புள்ள மூஞ்சி பாக்காம மண்ணு தள்ளச் சொல்றீங்களா? நாளைக்கு தெருவுல என் மூஞ்சிலதான் துப்புவாங்க."

பாடகர் குழுவை வர வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன்.

ஆனந்த் வியாழன் விடிவதற்கு முன்பே வந்து முகம் பார்த்தான். ஒன்பதுக்கு ஜெபம், பத்துக்குள் மண் மூடியது. "பூசை இல்லியா சார்?" என்று கல்லறை வாசலில்தான் கேட்டான். நான் சொல்வதற்குள் மரியலூர்து, "நேரம் ஒத்து வரலப்பா" என்று அவன் தோளைப் பிடித்து நடத்திப் போனார். சனிக்கிழமை அவன் விமானம் ஏறிவிட்டான். லீவு அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவள் பெயரில் பூசை வைத்தேன். பெட்டி இல்லை, பாட்டு இல்லை. நாங்கள் நான்கு பேர். பீடத் துணி கசங்கியிருந்தது.

பதிவேட்டில் அவள் பெயரைத் தப்பில்லாமல் எழுதினேன். பூசைக் கட்டத்தில் 'இல்லை'. காரணம் எழுதக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: ஒன்பதரை மணி நேரம், என் பிழை.