பெயர் வெட்டிய பட்டியல்

"போனை இதுக்க போடுங்கோ. ஓஃப் பண்ணிப் போடுங்கோ." பிரான்சிஸ்கா அக்கா பனையோலைப் பெட்டியை நீட்டுகிறார். மாணவர், ஆசிரியர், கணினி திருத்த வந்தவர் எவருக்கும் விலக்கில்லை. பரிசளிக்க வந்த பெரியவர் ஒருவரின் கைபேசியும் ஒருமுறை அதற்குள்தான் கிடந்ததாம்.

பள்ளிமுனை ஊர்க்காரி, ஐம்பது தாண்டியவர். மன்னார் நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தரவுப் பொறுப்பாளர். போர் முடிந்து மீள்குடியேறியவர்களின் வீடுகளுக்கெல்லாம் ஸ்கூட்டரில் போய், கிணறு, குடும்பம், குறை எல்லாம் கேட்டு எழுதியவர். அந்தத் தரவை வைத்து ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள். எந்த ஊர்க் கிணறுகள் உவராகின்றன, ஏன் என்று கணினியில் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

முதலில் எல்லோரும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். பார்த்ததை உள்ளேயோ வெளியேயோ பேசக் கூடாது. ஒரு துண்டுக் கடதாசியும் வெளியே போகக் கூடாது. "சனம் எங்களை நம்பிச் சொன்னது. சந்தையில கதைக்கிறதுக்கில்லை" என்பார். மத்தியானம் என்ன கறி என்று கேட்டால்கூட, "சமைச்சுக் கொண்டந்தனான்" என்பதோடு சரி. அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

அது 2014. அடம்பன் பக்கத்திலிருந்து முதல்முறையாக என் மாணவிகளைக் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் வீடும் அந்தத் தரவில் உண்டு. என் தங்கை முன்னாள் போராளிகளை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவள். வவுனியாவில் படித்தாள் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். உண்மையை, வீட்டுக்கு வந்து கேட்ட பிரான்சிஸ்கா அக்காவிடம் மட்டும் சொன்னோம். போட்டி நடந்த கிழமை தங்கைக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது.

இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். போட்டியில் முன்னணியில் நின்ற என் மாணவி லக்சிகா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரீச்சர், பேர் இல்லாட்டியும் இந்த வீடு எனக்குத் தெரியும். இரட்டைக் கப்பிக் கிணறு எங்கட ஊரில ஒண்டுதானே."

அந்த வீட்டுக் குறிப்புகளை உரக்க வாசிக்கத் தொடங்கினாள். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வெட்டியிருந்தார்கள். குறிப்புகளை அப்படியே விட்டிருந்தார்கள். அது வாளிக் கயிறு ஓட இரண்டு கப்பி பூட்டிய எங்கள் கிணறு. அடுத்த வரியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தங்கையின் முகாம் கதைதான்.

பிரான்சிஸ்கா அக்கா போய் மெயின் சுவிட்சை இறக்கினார். எல்லாத் திரைகளும் அணைந்தன. பதினெட்டுப் பிள்ளைகளின் வேலையும் அதோடு போயிற்று.

"அந்தப் பிள்ளை விதியை மீறிப்போட்டுது. போட்டியில இருந்து வெளியில விடுங்கோ" என்றார் நடுவர்.

"பிழை அவளின்ரயில்லை, என்ர. பட்டியல் செய்தது நான். பேரை வெட்டினாப் போதும் எண்டு நினைச்சிட்டன். ஊர்ச் சனத்துக்கு வீட்டை அறியக் கிணறே காணும். முதலிலயிருந்து தொடங்குவம்."

குறிப்புகளை நீக்கி மறுபடி தொடங்க மத்தியானமாகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்கள் கதிரைகளில் கொட்டாவி விட்டபடி இருந்தார்கள். அக்காவுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. லக்சிகா அந்த வீட்டைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கலியாணத்துக்கு முன்பே, தான் தெரிந்தெடுத்த ஒரு நாளில், மாப்பிள்ளையிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஊர் முந்திக்கொள்ளாமல் அந்த நாளை அவளுக்குக் காத்துக் கொடுத்தவர் அக்கா. அந்த நன்றியை நாங்கள் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டோம். இதை எழுதத் தங்கையிடம் கேட்டுக்கொண்டேன். இரட்டைக் கப்பி என்ற அடையாளத்தை மட்டும் நான் மாற்றி எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் அக்கா ஏசுவார்.

அன்று பின்னேரம் நடுவர் அறிக்கை எழுதினார். "உண்மையில அது ஆரின்ர வீடு?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் அக்கா.

பிறகு அக்கா வரவுப் பதிவேட்டோடு ஆசிரியர் வரிசைக்கு வந்தார். என்னை முன்பின் பார்த்திராதவர்போல் பேனையைத் திறந்தார்.

"உங்கட பேரைச் சொல்லுங்கோ, ரீச்சர்."