மொட்டை மாடியில் காய்ந்த கம்பெனி

சோப்புத்தூள் வாசனையும் மெஷின் ஆயில் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். நான் எட்டாவது படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீடு அப்படித்தான் மணந்தது...

மொட்டை மாடியில் கொடிக்குக் கொடி நீலச் சட்டைகள், நீல பேன்ட்டுகள். அவற்றின் நிழலில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் பக்கம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. அம்மா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்குள் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். நான் கண் விழிக்கும்போது அம்மா இருக்க மாட்டாள். மூடி வைத்த இட்லி மட்டும் இருக்கும்.

பக்கத்துத் தெருவில் வரிசையாக வாடகை அறைகள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த அண்ணன்கள் அங்கே தங்கியிருந்தார்கள். இருக்கிற ஒரு லீவு நாளில் ஒரே குழாயடியில் யூனிஃபார்மைத் துவைக்க அடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா ஒருநாள் சொன்னாள்.

"நம்ம ஊட்டு வாஷிங் மெஷின் சும்மாதானே கீது. அந்தப் புள்ளைங்க துணிய நான் தொவச்சித் தரேன். ஒரு மாசம் வேலைக்கி வரலன்னு சொல்லிட்டேன். இது தேறலன்னா மறுபடி வேன் ஏறிக்கிறேன்."

அம்மா மறுபடி வேன் ஏறக் கூடாது... எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. ஆகவே பள்ளி நூலகத்தில் தேடி, தொழிலில் வெற்றி பெறுவது பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து வந்து, அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"உங்கள் இலக்கைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்னு போட்டிருக்கும்மா."

"ஒட்டுனா சுண்ணாம்பு பேந்துக்கினு வரும். போய் கொடியில க்ளிப்ப மாட்டுடி."

சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு பையில் துணி வந்து சேர்ந்தது. எண்ணெய்க் கறை போக வேண்டுமே என்று அம்மா எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி, வெந்நீரில் ஊற வைத்தாள். எங்கள் வீட்டில் எது யாருடைய துணி என்று அடையாளம் வைக்கும் வழக்கமே கிடையாது. நைனாவின் லுங்கி நைனாவுடையது, என் பாவாடை என்னுடையது. அதில் என்ன குழப்பம் வரப்போகிறது?

மறுநாள் வயலிலிருந்து வந்த நைனா மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாமே, கம்பெனியே நம்ம மாடியில காயுது! இதுல எது யாருது?" என்று கேட்டார்.

அம்மாவின் கை கொடியிலேயே நின்றுவிட்டது.

எல்லாம் ஒரே நீலம். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

"சைஸைப் பார்த்துப் பிரிச்சிடலாம்மா" என்று நான் காலர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனையும் ஒரே சைஸ். கம்பெனி மொத்தமாக வாங்கிக் கொடுத்தது போலிருக்கிறது...

"பேஜாராப் போச்சே! காலையில யூனிஃபார்ம் இல்லன்னா கேட்ல உள்ளயே உட மாட்டாங்களே" என்று அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதே வேன் ஹாரன் கேட்பது போலிருந்தது.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். அம்மா எதையும் மறைக்கவில்லை. "எல்லாம் கலந்துபோச்சுப்பா. தப்பு என்னுதுதான். உங்கள்து எதுன்னு நீங்களே போட்டுப் பாத்து எட்த்துக்கோங்க."

ஒடிசாவிலிருந்து வந்த பிஜய் அண்ணன் ரொம்ப ஒல்லி. உள்ளே போய் ஒரு பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் இடுப்பில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இது உன்துதானா பாரு" என்றாள் அம்மா.

"தெரியாது அக்கா. என் பேன்ட்டும் இப்படித்தான் விழும். அதுக்கு நான் கயிறு கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். தர்மபுரிக்காரரான சங்கர் அண்ணன் நல்ல உயரம். அவர் போட்ட சட்டையின் கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. "எனக்கு எந்தச் சட்டை போட்டாலும் இப்படித்தான்கா. எதையாவது குடுங்க, போதும்!"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிஜய் அண்ணனைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அப்போ எவனுக்குமே எதுவுமே சரியா இல்லியா? ஏம்ப்பா, இத முன்னாடியே சொல்லக்கூடாதா! ஆடாம நில்லு."

வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதில் அம்மா தெருப் பெண்களுக்கு எப்போதாவது ஜாக்கெட் தைப்பாள். மற்ற நாட்களில் அதன்மேல் போர்வையும் டிவி ரிமோட்டும்தான் இருக்கும். அம்மா போர்வையை இழுத்து என் மேல் போட்டாள். மற்றவர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போக, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பிஜய் அண்ணனின் பேன்ட் இடுப்பில் கச்சிதமாக நின்றது. அவர் கயிற்றை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை முன்பைவிட அதிகமாகப் பைகள் வந்தன. பிரித்துப் பார்த்தால், பாதித் துணியில் அழுக்கே இல்லை!

"தொவைக்க வேணாம்கா. பிஜய்க்குப் பண்ணின மாதிரி பண்ணிக் குடுங்க."

"இன்னாமே, உன் தொவைக்கிற கடை தையக் கடையாப் பூட்ச்சே" என்று நைனா கிண்டல் செய்தார். அம்மா ஊசியில் நூல் கோத்தாள். அந்த முறை ஒவ்வொரு காலருக்கு உள்ளேயும் ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிச்சுப் போட்டாள். பிஜய் அண்ணனுக்குச் சிவப்பு.

இப்போது நான் பன்னிரண்டாவது படிக்கிறேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. எங்கள் மாடிக் கொடியில் எங்கள் துணி மட்டும்தான் காய்கிறது. பரீட்சைக்குப் படிக்க மாடிக்குப் போனால், அந்த நீல நிழல் இல்லாமல் வெயில் கொஞ்சம் அதிகமாகத்தான் அடிக்கிறது... அந்தத் தடிமனான புத்தகத்தை நான் பாதிக்கு மேல் படிக்கவே இல்லை.

விடிவதற்குள் தெருமுனையில் வேன் இன்றும் ஹாரன் அடிக்கிறது. இப்போதும் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துவிடுகிறாள். காபி டம்ளரோடு வாசலில் போய் நிற்கிறாள். இன்று காலையும் அப்படித்தான் நின்றாள். வேனில் ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அதோ, புதுசா ஒரு புள்ள ஏறுது பாரு. சட்ட தோள்ல எப்பிடி தொங்குது! சனிக்கெழம நம்ம கடைக்கி வந்துரும்."