ஒரு நிமிடத்தில் எத்தனை மீன்

எனக்குப் பைபோலார், அதாவது உற்சாகமும் சோர்வும் எல்லை மீறி மாறி மாறி வருகிற நோய், என்று டாக்டர் சொன்ன வருஷம் எங்கள் வீட்டில் சிரிப்புக்குத் தடை வந்தது. யாரும் சட்டம் போடவில்லை. நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். "மாத்திர போட்டியா மக்கா?" என்று கேட்பாள். ஐந்து நாள் தூங்காமல் பேசியே வீட்டை இரண்டாக்கியவள் நான். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எரிச்சலாக வரும்.

அது 2010 வாக்கில். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் கடற்கரை ஊரான இனயத்திலிருந்து பஸ் ஏறி அம்மாவும் நானும் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதியில் விட்ட கல்லூரிக்கு நான் திரும்பிப் போகலாம் என்று டாக்டர் கடிதம் தர வேண்டும். மனசு அடங்கினாலும் ஞாபகமும் கவனமும் கொஞ்ச நாள் பின்தங்கலாம், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார் அவர். கடிதம் இல்லையென்றால் இன்னொரு வருஷம் வீடு, அம்மாவின் அந்தப் பார்வை.

முதலில் தலையில் பசை தடவி, வயர்களை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். கோடுகள் ஏறி இறங்கி ஓடுவதைக் கண்டு அம்மா பதறிப்போனாள்.

"சாரே, கோடு நேரா நிக்காதா?"

"நேரா நின்னாதாம்மா பயப்படணும்" என்றார் பதிவு செய்தவர். எனக்குச் சிரிப்பு முட்டியது. அசையக்கூடாது என்று அதட்டினார்.

அடுத்த அறையில் பரிசோதனை செய்தவர் கரூர்ப் பக்கத்து அக்கா, மீனே தொடாத சைவம். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டார். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான்கு எண்கள் வரை வந்தது, ஐந்தில் நின்றுவிட்டேன். பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்த மூளை. அழுகை வந்துவிட்டது.

"பரவால்லைங்க. இப்ப ஒரு நிமிஷத்துல எத்தனை உயிரினம் பேரு சொல்ல முடியுமோ சொல்லுங்க. ஓடறது, நீந்தறது, எதுன்னாலும் சரி."

நீந்துவது என்றதும் எனக்கு உயிர் வந்தது. நெய்மீன், வாளை, அயிலை, விளமீன், கலவா, நவரை, கிளாத்தி, வேளா, ஊளி, திருக்கை என்று மூச்சு விடாமல் கொட்டினேன். பாதியில் அவர் பேனா ஒரு கணம் நின்றது. வேகப் பேச்சு, கேள்விப்படாத சொற்கள். அம்மாவின் அதே பார்வை. நோய் திரும்பிவிட்டதென்று எழுதப் போகிறார், தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினார்.

"இதெல்லாம் நெசமாலுமே மீனுங்களா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன என்ன டாக்டரம்மா? எனக்க மோளு பொய்யா சொல்லுவா? கடப்புறத்துல வந்து கேட்டுப் பாருங்க."

என்னை நம்பி அம்மா ஒரு வருஷத்தில் பேசிய முதல் பேச்சு அது. அந்த அக்கா தலை குனிந்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார். "நான் பார்த்ததுலயே இதுதாங்க அதிகம்" என்றார்.

எண்களில் நான் பின்தங்கியிருப்பதை டாக்டர் மறைக்கவில்லை. வகுப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள், தூக்கத்தைக் கெடுக்காதே என்று சொல்லிக் கடிதம் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே வந்த அம்மா, திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, சாளைய விட்டுட்டியே. தெனம் திங்குறத மறந்திட்டியா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாத்திர..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள், என்னைவிடச் சத்தமாக.