வலி நின்ற பல்

1991-ல், நாங்கள் பென்னலூரில் குடியிருந்தபோது நடந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். கலர் பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறப்பார். கரும்பு கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எனக்கு அதில் ஏகப் பெருமை!

அந்தத் தை மாதம் அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்தது. கிராம்பை நசுக்கி வைத்தேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. என் கைவைத்தியம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த மாதம் கம்பெனிக்குப் பல் டாக்டர் வந்து எல்லோர் வாயையும் பார்த்திருக்கிறார். இவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இன்னாமே, உள்ள அழுகிப் போச்சாம். புடுங்கணுமாம். ஞாயித்துக்கெழம காஞ்சிபுரம் போய்ட்டு வந்துர்றேன்."

பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

"வலிக்காத பல்ல எவனாவது புடுங்குவானா? கண்ணு போச்சின்னா மெஷின்ல எப்டிய்யா நிப்ப?"

"டாக்டரு படிச்சவருமே."

"படிப்பு அவுருது, கண்ணு உன்துய்யா!"

சிரித்துவிட்டார். போகவில்லை.

ஆடியில் ஒருநாள் காலை தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன். மறுநாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. கஞ்சி உள்ளே போகவில்லை, பேச்சும் குழறியது. பஸ் பிடித்து மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் மூச்சுக்குத் தவித்தார். என் கையை விடவே இல்லை.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்லு எப்பம்மா வலிச்சுது?" என்று கேட்டார்.

"தையில வலிச்சிதும்மா. அப்பவே நின்னு போச்சி."

"சரியாயி நிக்கலம்மா. பல்லு உள்ள செத்துப்போச்சு, அதான் வலி தெரியல. இப்போ சீழ் கழுத்துக்கு எறங்கிடுச்சு."

கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் மூச்சு நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வயது.

"பல்லு வலியிலயா செத்தான்?" என்று சாவுக்கு வந்தவர்கள் மாய்ந்து மாய்ந்து கேட்டார்கள். அந்தச் சீட்டைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன், எழுதிக்கொண்டிருந்த பேத்தி நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

இப்போது பேரப்பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். அவர்கள் பல்லெல்லாம் பளிச்சென்று இருப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். நானும் வாயைத் திறந்து காட்டுவேன்.

"இன்னா ஆயா, நாலு பல்லுக்கு செக்கப்பா?" என்பார் டாக்டர்.

"நாலும் என்துதானேப்பா!"

எல்லோரும் சிரிப்போம். "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லும்போதுதான் என் வீட்டுக்காரர் நினைப்பு வந்துவிடும். எனக்கு ஆயுசு இப்படி ஆறாறு மாதமாகக் கூடிக்கொண்டே போகிறது. அவருக்கு வரவேண்டிய ஆயுசை என் வாயாலேயே தடுத்துவிட்டேன் என்பது எத்தனை சிரித்தாலும் கரைய மாட்டேன் என்கிறது.