கட்டுக்கரைக் குளத்தில் தங்கச்சி

இன்று கொழும்புச் சந்தையில் தாமரைக்கிழங்கின் சேற்று மணம் மூக்கில் பட்டதும் கட்டுக்கரைக் குளம் நினைவுக்கு வந்தது. பேசாலையில் மீன்பிடித்த அப்பா, ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் இரண்டு வயதுத் தங்கச்சியையும் பஸ்ஸில் அங்கே கூட்டிப்போவார். மருதமர நிழலில் அம்மா சோற்றுப் பொதியை அவிழ்க்க, அப்பா தங்கச்சியைக் கணுக்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார். கடலை மட்டுமே அறிந்த பிள்ளை, முதல்தடவை ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பா, உப்பில்லை!" என்று கத்திச் சிரித்தாள்.

அடுத்த வருடம் சண்டைக்குப் பயந்து ஓடிப்போயிருந்த முகாமில், காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், "குளத்துக்குப் போவமே அம்மா?" என்று கேட்டேன்.

"அங்க போனா அவளின்ர சத்தம்தான் கேக்கும். என்னால ஏலாது, பிள்ளை."

அப்பா மட்டும் சாகும்வரை ஞாயிறுகளில் தனியே பஸ்ஸேறிப் போய்வந்தார். எங்கே என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.