ஏலக்காரரின் கம்ப்யூட்டர் குரல்

ஏலக்காரருக்கு வாய்தான் சொத்து. நாற்காலியோ பீரோவோ, முதலில் அதன் அங்க லட்சணங்களை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் விலைக்கு வருவார். விலைக்கு வந்துவிட்டால் ஈவிரக்கம் கிடையாது. ஒருமுறை தன் தையல் மெஷினையே ஏலத்தில் மீட்க வந்த பெண், "கை தூக்க நேரம் குடுங்கய்யா" என்று கெஞ்சினாள். "நேரம் ஏலத்துல இல்லம்மா" என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். கூட்டம் சிரித்தது. அந்தக் கதையை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார். மகன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள்.

அதன் பின் அவருக்காகப் பேசியது கூடத்துக் கம்ப்யூட்டர். ஒற்றை விரலால் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் தகரக் குரலில் படிக்கும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மேசையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள், அது பேசினால் கேட்டே ஆக வேண்டியிருந்தது. அந்த மட்டில் அவருக்குச் சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டருக்குப் புது வெர்ஷன் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது.

"பழசுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாது" என்றான் மகன். "டவுன்லோட் முடிஞ்சிருச்சு. ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான்."

"நல்லாத்தானே ஓடுது, அதைப் போய் ஏன் நோண்டணும்?" என்றாள் மருமகள். "என் பிரிண்டர் ஓடாமப் போச்சுன்னா?"

"ஓடும். பார்த்துட்டேன்."

பிரிண்டருக்குப் பரிந்து பேச ஆள் இருந்தது. குரலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குரல் பழைய வெர்ஷனில் மட்டும்தான் ஓடும், அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் கடையை மூடிவிட்டார்கள். அதைப் போட்டுக் கொடுத்தவர் இப்படிச் சொன்னது ஏலக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. கீபோர்டை இழுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

'வேண்டாம்' என்று ஒரே சொல் தட்டியிருந்தால் போதும். தொழில் புத்தி விடவில்லை. பொருளின் லட்சணத்தை முதலில் சொன்னால்தானே விலை? "இந்தக் குரல் பழைய வெர்ஷனில் மட்டுமே…" என்று விவரமாகத் தொடங்கினார்.

"என்னங்க, இன்னிக்குள்ள முடியுமா?" என்றாள் மனைவி. "அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குத் தலைவலி."

மகன் மவுஸைப் பிடித்துக்கொண்டு கண்ணடித்தான். "அப்பாவுக்கு ஆட்சேபணை உண்டா? ஒரு தரம்…"

மருமகள் களுக்கென்று சிரித்தாள். ஏலக்காரர் இடது கையை உயர்த்தி 'பொறு' என்று காட்டினார். வலது விரல் எழுத்துகளுக்கிடையே தடுமாறியது.

"ரெண்டு தரம்… நேரம் ஏலத்துல இல்லப்பா!"

அவர் பொத்தானை அழுத்தினார். "இந்தக் குரல்" என்று ஆரம்பித்தது கம்ப்யூட்டர்.

"மூணு தரம்!"

திரை அணைந்தது.

கம்ப்யூட்டர் மறுபடி விழித்தபோது பிரிண்டர் ஓடியது. குரல் இல்லை. அவர் எழுதி நீட்டிய சீட்டைப் படித்த மகன், "அதுக்காகத் திரும்பப் பழசைப் போட முடியுமாப்பா? வேற எதாச்சும் கிடைக்கும், பார்க்கலாம்" என்று சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் பார்த்தபாடில்லை.

இப்போதெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால் ஏலக்காரர் மேசையை மூன்று முறை தட்டுகிறார்.

"சத்தம் போடாதீங்க" என்கிறாள் மனைவி, அடுத்த அறையிலிருந்து.