எடைக்கு எடை ஒரே காய்

சின்னம்மாள் முருகனிடம் பேரம்தான் பேசினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் பக்தவச்சலம் டெங்குவில் படுத்து, நாற்பத்தேழு கிலோவுக்கு இளைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையோடு போர்வையாகக் கிடந்தார். திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "இவரு எந்திரிச்சி வந்துட்டா துலாபாரத்துல எடைக்கு எடை பரங்கிக்காய் குடுக்கறேன் முருகா. ஒரே காயா குடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். ஒரே காய் என்றதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் இருந்தது. கே.ஜி.கண்டிகையில் அவர்கள் கொல்லையில் அப்போதே நாற்பத்தைந்து கிலோ தேறும் காய் ஒன்று கொடியில் கிடந்தது. இன்னும் இரண்டு கிலோ ஏறினால் வேலை முடிந்தது.

முருகன் அவளைவிடக் கெட்டிக்காரர். பக்தவச்சலம் எழுந்து வந்தார். வந்தவர் சாப்பிட ஆரம்பித்தார். காய் ஐம்பதைத் தொட்டபோது அவர் அறுபதில் இருந்தார். ரெண்டு காயாகக் கொடுத்துத் தொலையேன் என்று ஊரே யோசனை சொன்னது. சாமியிடம் சொன்னது சொன்னதுதான் என்றுவிட்டாள்.

அந்தக் காயின் விதையை ஊன்றிப் பார்த்தாள். காய்த்ததெல்லாம் சந்தையில் விற்கிற சாதாரணப் பரங்கி. ஊர்ப் பூவையெல்லாம் சுற்றிவிட்டு வந்த தேனீ செய்த வேலை. நல்லவேளையாக, இருபது வருஷம் நர்சரியில் ரோஜாவுக்கும் முல்லைக்கும் கட்டிங் போட்ட கை சும்மா இருக்கவில்லை. பழைய கொடியின் நுனியில் இரண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் ஓட்டை வாளியில் மண் போட்டுச் செருகியிருந்தாள். பத்து நாளில் வேர் விட்டது. அதில் காய்த்தது அறுபத்திரண்டு கிலோ. அதற்குள் அவர் அதையும் தாண்டியிருந்தார்.

அன்றிலிருந்து விதைப் பேச்சே கிடையாது. கொடி முற்றுவதற்குள் நுனியை வெட்டு, வாளியில் வை, வேர் பிடித்ததும் நடு. அந்த ஒரே கொடி சாவே இல்லாமல் வாளிக்கும் மண்ணுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது. தோட்டக்கலை ஆபீசிலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு குளோனிங்" என்றாள்.

"பேரு இன்னாவோ இருக்கட்டும்மா. இது அதுக்குப் பொறந்த புள்ள இல்ல. அதே ஆளு" என்றாள் சின்னம்மாள்.

கொடிக்கு ஒரு காய்தான். மற்றப் பிஞ்சையெல்லாம் கிள்ளிவிடுவாள். கணுவுக்குக் கணு மண் அணைப்பாள். காய்க்கு அடியில் மணல் மெத்தை, மேலே பழைய புடவையில் பந்தல். யாரும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் பிஞ்சு அழுகிவிடும். அதனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முகவாயை நீட்டி நீட்டிப் பேசுவார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் கழுத்து சுளுக்கினவர்களின் கூட்டம் மாதிரி இருக்கும்.

காய் வளர்ந்தது. எதிராளியும் வளர்ந்தார். வருஷா வருஷம் தோற்ற காயை வீணாக்க முடியுமா? கூட்டு, அடை, அல்வா என்று பாதிக்கு மேல் பக்தவச்சலத்தின் வயிற்றுக்குள்தான் போயிற்று. தோற்ற காயைத் தின்றே அடுத்த காயை ஜெயித்துவிடுவார். இந்தப் பொங்கலுக்கு அவர் எழுபத்தெட்டு கிலோ.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொடியிலிருந்து காயை அறுத்து, நாலு பேர் தூக்கி, குமரேசனின் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தார்கள். எழுபத்திரண்டு. அவர் வேலை பார்க்கும் டீக்கடையிலிருந்து பக்தவச்சலத்தைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். அவர் பின்னாலேயே, இந்த வருஷம் உருண்டு திரண்டு போயிருந்த டீக்கடை நாயும் வந்தது. முள் எழுபத்தொன்றில் நின்றது.

"யக்கா, ஜெயிச்சிட்ட!" என்று குமரேசன் குதித்தான். ஜனம் கை தட்டியது.

சின்னம்மாள் தட்டவில்லை. அவருடைய சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடம் இருந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது ஏன் தெரியாமல் போனது? நாற்பத்தேழு கிலோவும் அந்தப் போர்வையும் நினைவுக்கு வந்தன. காயைத் தராசிலேயே விட்டுவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்த டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். பக்தவச்சலம் தரையைப் பார்த்தார்.

"மத்தியானக் கேரியரை நாய்க்குப் போட்டுட்டு வந்துகினு இருந்தேன் சார்."

"இன்னா பாவா சொல்ற?" என்றாள் சின்னம்மாள். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் பிறந்தவள். அங்கே அத்தை மகன் பாவா; அவரையே கட்டியதால் கல்யாணத்துக்குப் பிறகும் பாவாதான்.

"நாலு வருசமா கொடம் கொடமா தண்ணி ஊத்திகினு கீற. காயி இதுக்கு மேல ஏறாதுன்னு தோணிச்சி. அதான், நானு கொஞ்சம் எறங்கலாம்னு..."

"மனுசனா நீ! என் உசுரே போச்சி!" ரிப்போர்ட் கவராலேயே அவர் தோளில் நாலு போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். ஆயுசில் அவளுக்காக யாரும் பட்டினி கிடந்ததில்லை. அந்தக் கோபத்திலும் அது இனித்தது.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் அவரைச் சாப்பிட வைக்க ஆரம்பித்தாள். கேரியர் டீக்கடைக்குப் போவது நின்றது; மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். கிருத்திகை காலையில் தராசில் ஏற்றினால் எழுபத்துநாலு. குமரேசன் தலையில் அடித்துக்கொண்டான்.

காய் இல்லாமலே இருவரும் பூக்காவடி எடுத்துக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். முழுக்காயில் ஆம்பளைதான் முதல் வெட்டு போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பக்தவச்சலம் வெட்டினார். தெருவுக்கே கூட்டு வைத்தார்கள். ஓட்டை வாளியில் புது நுனி ஒன்று ஏற்கெனவே இலை விட்டிருந்தது.

இலையில் உட்கார்ந்திருந்த குமரேசனுக்கு மனசு ஆறவில்லை. "கையில வந்ததை உட்டுட்டியே யக்கா. சாமி இன்னும் எத்தினி வருசம்தான் காத்துகினு இருப்பாரு?"

"காத்துகினு இருக்கட்டுமே" என்றாள் சின்னம்மாள். "என் வேண்டுதலை வாங்கிக்காம இவரை எப்பிடிக் கூப்புடுவாரு?"

சொல்லிவிட்டு, போதும் போதும் என்று கையை மறைத்த பக்தவச்சலத்தின் இலையில் இன்னொரு கரண்டி கூட்டை வைத்தாள்.